“பேரை மட்டும் போடுங்க அண்ணி” – கேர் நிறுவனப் பொறுப்புகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்தில் கேர் ஹோம் (தங்கிப் பராமரிக்கும் இல்லம்), ஹோம்கேர் (வீட்டுக்கே போய்ப் பராமரிப்பது) நடத்துகிறவர்களிடமிருந்தும் அங்கே வேலை செய்கிறவர்களிடமிருந்தும்தான். அப்பா அம்மாவை அங்கே விட்டிருக்கும் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது கடைசியில் ஒன்றுதான்: தவறு நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? நான் பன்னிரண்டு வருடம் ரெஜிஸ்டர்ட் மேனேஜராக (சேவையை அன்றாடம் நடத்தும், பதிவு பெற்ற மேலாளர்) இருந்தவள், அதனால் இந்த முறை பத்தி முழுவதையும் இதற்கே வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் 15 வருடமாக நர்ஸ். என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி ஹோம்கேர் கம்பெனி தொடங்குகிறார். “நாமினேட்டட் இன்டிவிஜுவல் என்று ஒருவரைக் காட்ட வேண்டும், உங்க பேரை மட்டும் போடுங்க அண்ணி, வேலை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். மாதம் ஒரு தொகையும் தருவாராம். குடும்பத்துக்குள் மறுத்தால் மனக்கசப்பு. கையெழுத்துப் போடலாமா?
– பெயர் வேண்டாம், ஹாரோ

பதில்: போடாதீர்கள். அவர் சொன்ன விதத்தில் போடவே போடாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வி நம்மவர்கள் இருக்கும் எல்லா ஊரிலும் சமையலறை மேசையில் வைத்துக் கேட்கப்படுகிறது, கேட்கிறவர்கள் கெட்டவர்களும் இல்லை, அவர்களுக்கே இது என்ன பொறுப்பு என்று தெரியாது.

இங்கிலாந்தில் கேர் சேவைகளைக் கண்காணிப்பது சி.க்யூ.சி. (கேர் குவாலிட்டி கமிஷன்) என்ற அமைப்பு. கேர் நடத்தும் நிறுவனம் ஒரு கம்பெனியாக இருந்தால் அதன் சார்பில் சேவையின் நிர்வாகத்தை மேற்பார்வை செய்ய ஒரு ஆளை நியமிக்க வேண்டும் என்று கேர் சேவைகளுக்கான 2014ஆம் ஆண்டு விதிமுறைகளில் 6ஆவது விதி சொல்கிறது. அவர்தான் நாமினேட்டட் இன்டிவிஜுவல். அந்த ஆள் கம்பெனியில் டைரக்டராகவோ மேனேஜராகவோ செக்ரட்டரியாகவோ இருக்க வேண்டும். நல்ல நடத்தை, தகுதி, அனுபவம் எல்லாம் வேண்டும். வெளியே இருந்துகொண்டு பெயரை மட்டும் வாடகைக்கு விடும் ஒருவருக்கு அந்த விதியில் இடமே கிடையாது. மேற்பார்வை செய்வதுதான் அந்தப் பதவி, மேற்பார்வையை எடுத்துவிட்டால் அங்கே பதவி என்று எதுவும் மிஞ்சாது.

ரெஜிஸ்டர்ட் மேனேஜருக்கு விண்ணப்பம், நேர்காணல், பதிவு எல்லாம் உண்டு. நாமினேட்டட் இன்டிவிஜுவலுக்கு அப்படி இல்லை, தகுதியான ஆளா என்று பார்த்து நியமிப்பது கம்பெனியின் பொறுப்பு, சி.க்யூ.சி.க்குத் தெரிவித்தால் போதும். அதனால்தான் ஏதோ படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவது போல உங்கள் மைத்துனருக்குத் தோன்றுகிறது. ஆனால் 2008ஆம் ஆண்டு ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் சட்டத்தின் 91ஆவது பிரிவைப் பாருங்கள். கம்பெனி ஒரு குற்றம் செய்து, அது டைரக்டர், மேனேஜர், செக்ரட்டரி போன்ற ஒருவருடைய சம்மதத்தோடு நடந்தது, அல்லது அவர் கண்டும் காணாமல் விட்டார், அல்லது அவருடைய அசட்டையால் நடந்தது என்று நிரூபணமானால் கம்பெனியோடு சேர்த்து அவரும் குற்றவாளி. “எனக்குத் தெரியாது, நான் பேரை மட்டும்தான் கொடுத்தேன்” என்று சொன்னால் அது தப்பிக்கும் வழியாக இருக்காது. தெரிந்திருக்க வேண்டிய நீங்கள் பார்க்கவில்லை என்பதை நீங்களே ஒப்புக்கொள்வதாகத்தான் ஆகும்.

இன்னொன்று, நீங்கள் நர்ஸ். நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி.யில் உங்கள் பதிவும் இதில் மாட்டும். நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தும் பேசாமல் இருந்தால் அங்கேயும் விசாரணை வரலாம். மைத்துனருக்கு வேண்டியது உங்கள் பெயர் அல்ல, அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் 15 வருட அனுபவம். அது நீங்கள் இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்தது.

சரி, உண்மையாகவே அந்த வேலையைச் செய்ய ஆசை இருந்தால்? அது நல்ல விஷயம், நம்மவர்களில் அப்படிப்பட்டவர்கள் வேண்டும். ஆனால் முதலில் டைரக்டராக முறையாகச் சேருங்கள். மாதத்தில் குறைந்தது இத்தனை நாள் நேரில் போய்ப் பார்ப்பேன் என்று எழுதி வாங்குங்கள். ரோட்டாவை (யார் எப்போது எங்கே போக வேண்டும் என்ற அட்டவணை) நீங்களே திறந்து பாருங்கள். ஒரு வீட்டில் அரைமணி நேர வேலை போட்டிருக்கிறார்கள், அடுத்த வீட்டுக்குப் போக 20 நிமிடம் ஆகும், ஆனால் ரோட்டாவில் அந்த 20 நிமிடத்துக்கு இடமே இல்லை என்றால் அந்த கேரர் எங்கோ ஒரு வீட்டில் பத்து நிமிடத்தில் கிளம்பிப் போகிறார் என்று அர்த்தம். டபுள்-அப் (இருவர் சேர்ந்து போக வேண்டும்) என்று எழுதியிருக்கும் வீட்டுக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லாகின் ஆகியிருக்கிறார்களா, அல்லது ஒருவரே ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியில் ஆளைத் தூக்கினாரா என்று பாருங்கள். மார் சார்ட்டில் (மருந்து கொடுத்ததைக் குறிக்கும் தாள்) விட்டுப்போன கையெழுத்துகள், டி.பி.எஸ். (குற்றப் பின்னணிச் சான்று) வராமலே வேலைக்கு அனுப்பிய ஆட்கள், வந்த புகார்கள், போன சேஃப்கார்டிங் ரெஃபரல்கள் (கொடுமை, புறக்கணிப்பு பற்றி கவுன்சிலுக்குத் தெரிவித்தவை) இவையெல்லாம் உங்கள் கண்ணில் பட வேண்டும். அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஸ்பாட் செக். பராமரிப்புக்குப் புது ஆளை எடுக்காதே என்று நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு உண்டா என்று மைத்துனரிடம் கேளுங்கள். இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மனக்கசப்பு வரும் என்கிறீர்கள். வரட்டும். ஒரு தீபாவளிக்குப் பேசாமல் இருப்பார்கள். யாரோ ஒரு பாட்டி வீட்டில் விழுந்து இரண்டு நாள் கிடந்து, அதற்கான விசாரணை அறையில் உங்கள் பெயரை வாசிப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கேள்வி: 40 படுக்கை உள்ள கேர் ஹோமில் ரெஜிஸ்டர்ட் மேனேஜராக இருக்கிறேன். இரவில் ஆள் போதாது என்று பலமுறை சொல்லிவிட்டேன். ஓனர், அவரே நாமினேட்டட் இன்டிவிஜுவலும், “காலி ரூம் இருக்கக் கூடாது” என்று ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்களை எடுக்கச் சொல்கிறார். நாளை ஏதாவது ஆனால் மாட்டுவது நானா அவரா?
– ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: இருவரும்தான், தம்பி. ரெஜிஸ்டர்ட் மேனேஜர் சி.க்யூ.சி.யிடம் தன் சொந்தப் பெயரில் பதிவு செய்தவர். முதலாளி சொன்னார், செய்தேன் என்பது அங்கே எடுபடாது. அதே 2014 விதிமுறைகளில் 12ஆவது விதி பாதுகாப்பான பராமரிப்பு, 18ஆவது விதி போதிய ஊழியர்கள். இரண்டுக்கும் நீங்களும் பொறுப்பு, அவரும் பொறுப்பு.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது “சொல்லிவிட்டேன்” என்ற சொல். எப்படிச் சொன்னீர்கள்? காரிடாரில் நின்றபடியா, போனிலா? வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். இன்றிரவே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இரவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேருக்குத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு ஆள் வேண்டும், எத்தனை கேரர் இருக்கிறார்கள், கடந்த மாதம் இரவில் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண். உணர்ச்சியே வேண்டாம், எண்கள் போதும். கடைசியில், இந்த நிலையில் புதியவர்களை எடுப்பது பாதுகாப்பல்ல என்பது என் தீர்மானம் என்று ஒரு வரி. அட்மிஷனுக்கு முன் ஆளைப் போய்ப் பார்த்து மதிப்பிடுவது உங்கள் வேலை, அந்த மதிப்பீட்டில் ‘முடியாது’ என்று எழுதும் பேனாவும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதற்கும் அசையவில்லை என்றால், சேவையைப் பாதுகாப்பாக நடத்த முடியாத அளவுக்கு ஆள் பற்றாக்குறை வந்தால் அதை சி.க்யூ.சி.க்கு அறிவித்தே ஆக வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுப் பதிவு விதிமுறைகளின் 18ஆவது விதி சொல்கிறது. அது காட்டிக்கொடுப்பது அல்ல, சட்டம் கேட்கிற அறிவிப்பு. கவுன்சிலின் சேஃப்கார்டிங் குழுவும் இருக்கிறது.

ஓனரிடம் வின்டர்போர்ன் வியூ பற்றிப் பேசிப் பாருங்கள். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான 24 படுக்கைத் தனியார் மருத்துவமனை. ஒரு ஆளுக்கு வாரம் சராசரியாக 3,500 பவுண்டு வாங்கினார்கள். 2011 மே மாதம் பி.பி.சி.யின் ரகசியக் கேமரா காட்டியதைப் பார்த்துவிட்டு நான் அன்றிரவு தூங்கவில்லை. தரையில் கிடந்த பெண்ணை மிதித்தார்கள், உடுப்போடு ஷவரில் தள்ளினார்கள். 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், 6 பேர் சிறை போனார்கள். அங்கே வேலை செய்த மூத்த நர்ஸ் ஒருவர் படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே எழுதி முறையிட்டிருந்தார். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை, சி.க்யூ.சி.யும் கேட்கவில்லை. சிறை போன எல்லாரும் நோயாளிகளை நேரடியாகப் பார்த்த ஊழியர்கள், பணத்தையும் ஊழியர் எண்ணிக்கையையும் முடிவு செய்த டைரக்டர்களில் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. அந்தக் கோபத்திலிருந்தும், நோயாளிகள் மோசமாகப் புறக்கணிக்கப்பட்ட மிட் ஸ்டாஃபர்ட்ஷயர் மருத்துவமனை பற்றி 2013இல் வந்த பிரான்சிஸ் அறிக்கையிலிருந்தும்தான் டைரக்டர்களே தகுதியும் நேர்மையும் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்ற 5ஆவது விதி பிறந்தது. கேர் ஹோம்களுக்கு அது 2015 ஏப்ரலில் வந்தது. மேலே உட்கார்ந்திருக்கும் டைரக்டர்களின் தகுதியையும் நேர்மையையும் சட்டம் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான்.

ஒருவேளை ராஜினாமா என்று முடிவெடுத்தால், வேலையை விட்டதோடு உங்கள் பதிவு தானாகப் போய்விடாது. சி.க்யூ.சி.யிடம் ரத்து செய்ய நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். வேறு வேலைக்குப் போய் மாதங்கள் ஆன பிறகும் பழைய ஹோமின் பக்கத்தில் தன் பெயர் தொங்குவதைப் பார்த்து அதிர்ந்தவர்கள் என் தோழிகளிலேயே இருவர். நீங்கள் போனால் அவர் சும்மா காலியாக வைத்திருக்கவும் முடியாது, மேனேஜர் இல்லாமல் இழுத்தடித்தால் கம்பெனிக்கு 4,000 பவுண்டு அபராத நோட்டீஸ் வரலாம். இதையும் அவரிடம் சொல்லுங்கள், சில பேருக்குப் பவுண்டுக் கணக்குதான் காதில் விழும்.

கேள்வி: அப்பாவுக்கு டிமென்ஷியா. படித்த ஆங்கிலம் எல்லாம் மறந்துவிட்டது, தமிழ் மட்டும்தான். கேர் ஹோமில் சேர்த்து ஐந்து மாதத்தில் மெலிந்துபோய்விட்டார். மேனேஜரிடம் கேட்டால் “பார்க்கிறோம்” என்கிறார். அவருக்கு மேலே யாரிடம் போவது? புகார் செய்தால் அப்பாவை வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.
– ஒரு மகள், தெற்கு லண்டன்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கடைசியில் தாய்மொழி மட்டும் மிஞ்சுவது டிமென்ஷியாவில் நிறையப் பேருக்கு நடக்கிறது. தண்ணீர் வேண்டும் என்று அப்பா தமிழில் கேட்டிருப்பார், யாருக்கும் புரிந்திருக்காது. மெலிவதற்குக் காரணம் நோயாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம், அதனால் முதலில் குடும்ப டாக்டரான ஜி.பி.யைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது காகிதங்கள். எடைப் பதிவைக் கேளுங்கள். மஸ்ட் ஸ்கோர் என்று ஊட்டக்குறைவைக் கணிக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், அதையும் சாப்பாட்டுப் பதிவையும் கேளுங்கள். கேர் பிளானில் அப்பாவின் மொழி தமிழ் என்று எழுதியிருக்கிறதா, சோறும் ரசமும் விரும்புவார், தயிர் சாப்பிடுவார் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அவருக்காக முடிவெடுக்க லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி உங்களிடம் இருந்தால் இதையெல்லாம் பெறுவது எளிது. பத்து இருபது தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, படத்தோடு அறைச் சுவரில் ஒட்டுங்கள். தண்ணி, பசி, வலி, குளிர், பாத்ரூம். நான் மேனேஜராக இருந்தபோது ஒரு பேத்தி இப்படி ஒட்டிவைத்தாள், எங்கள் போலந்து கேரர் ஒருவர் ஒரே வாரத்தில் “பசிக்குதா?” என்று கேட்கப் பழகிவிட்டார், அந்தத் தாத்தா அவரைக் கண்டால் மட்டும் வாயைத் திறப்பார்.

மேலே யார் என்றால், நாமினேட்டட் இன்டிவிஜுவல். அந்த ஹோமின் பெயரை சி.க்யூ.சி. தளத்தில் தேடினால் மேனேஜர் பெயரோடு அவர் பெயரும் இருக்கும். தலைமை அலுவலகத்துக்கு அவர் பெயரிட்டு எழுதுங்கள். “கேர் டீமுக்கு” என்று போகும் கடிதம் ஒன்று, ஒருவருடைய சொந்தப் பெயருக்கே வரும் கடிதம் வேறு. அப்பா புறக்கணிக்கப்படுகிறார் என்று தோன்றினால் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள், கவுன்சிலின் சேஃப்கார்டிங்குக்கு இன்றே போன் செய்யுங்கள், 2014 கேர் சட்டத்தின் 42ஆவது பிரிவு இதற்காகத்தான் இருக்கிறது. சி.க்யூ.சி.யிடமும் சொல்லுங்கள், ஆனால் அவர்கள் உங்கள் தனிப்பட்ட புகாரைத் தீர்த்துவைக்க மாட்டார்கள், அந்த ஹோமைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்வார்கள். ஹோமின் பதில் திருப்தி இல்லையென்றால் ஓம்புட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் சுயேச்சை அதிகாரி), நீங்களே பணம் கட்டுகிறவர்களாக இருந்தாலும் அவர் பார்ப்பார்.

வெளியே அனுப்பும் பயம் நியாயமானது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் புகார் சொன்னவரைப் பழிவாங்குவதை விதிகள் ஏற்பதில்லை, 2024 ஏப்ரலிலிருந்து உறவினர் வந்து பார்க்க வழிசெய்ய வேண்டும் என்று 9ஏ விதியும் இருக்கிறது. எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள், மரியாதையாக எழுதுங்கள். சாப்பாட்டு வேளையில் போய்ப் பாருங்கள், ஞாயிறு மதியத்தில் மட்டும் அல்ல.

கேள்வி: இந்தியாவிலிருந்து கேர் விசாவில் வந்தேன். வருவதற்கு முன் ஏஜென்ட் பல லட்சம் வாங்கினார், இங்கே வேலை நேரமும் சொன்னபடி இல்லை. சி.க்யூ.சி.யிடம் சொன்னால் நடவடிக்கை எடுப்பார்களா? கம்பெனியின் லைசென்ஸ் போனால் என் கதி?
– பெயர் வேண்டாம்

பதில்: சி.க்யூ.சி. பார்ப்பது பராமரிப்பின் தரத்தை, உங்கள் விசாவை அல்ல. ஆனால் சுரண்டல் நடப்பது தெரிந்தால் உரிய இடத்துக்குத் தெரிவிப்பார்கள், சோர்ந்துபோன கேரரின் கையில் முதியவர் பாதுகாப்பாக இருக்க மாட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க உள்துறையான ஹோம் ஆபீஸ் தரும் ஸ்பான்சர் லைசென்ஸுக்கு ஆதரைசிங் ஆபீசர் என்று ஒருவர் பொறுப்பு, சின்னக் கம்பெனிகளில் பெரும்பாலும் அதே டைரக்டர்தான். வேலை தேடித் தருவதற்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்குவது இங்கே சட்டவிரோதம். ஸ்பான்சர்ஷிப் செலவை உங்கள் தலையில் கட்டவும் தடை இருக்கிறது.

லைசென்ஸ் பறிபோனால் ஹோம் ஆபீசிடமிருந்து கடிதம் வரும், பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும். 2025 ஜூலை 22க்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர்களை எடுப்பது நின்றுவிட்டது, ஏற்கெனவே இங்கே இருக்கும் உங்களைப் போன்றவர்களைத்தான் நிறுவனங்கள் தேட வேண்டியிருக்கிறது, அந்த அளவுக்கு ஒரு வழி உண்டு. சம்பளச் சீட்டு, ரோட்டா, ஏஜென்டுக்குப் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். புகாருக்கு முன் பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள். கோயிலில் சந்தித்த அண்ணன் நல்லவராகவே இருக்கலாம், பதிவு இல்லாமல் ஆலோசனை சொல்வதை ஒரு தொழிலாகச் செய்தால் அது குற்றம்.

கேள்வி: எங்கள் ஹோமுக்கு சி.க்யூ.சி. வந்து பல வருடம் ஆகிறது. அவர்களே குழப்பத்தில் இருப்பதாகச் செய்தி. பழைய ‘குட்’ ரேட்டிங்கை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாமா?
– ஒரு டைரக்டர், மில்டன் கீன்ஸ்

பதில்: குழப்பம் உண்மைதான். 2024இல் டாக்டர் பென்னி டாஷ் நடத்திய ஆய்வு சி.க்யூ.சி.யைக் கடுமையாக விமர்சித்தது, ரேட்டிங்குகள் வருடக்கணக்கில் பழையவை, ஆய்வுக்குப் போகிறவர்களில் சிலருக்கு அந்தத் துறை அனுபவமே இல்லை என்றெல்லாம் வெளியே வந்தது. சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் அந்த அமைப்பே உதவாத நிலையில் இருக்கிறது என்றார். ஆனால் உங்கள் ‘குட்’ அன்றைய மேனேஜருக்கும் அன்றைய ஊழியர்களுக்கும் கிடைத்தது. அதில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்? யாரும் வராத இந்த வருடங்களில் அங்கே கண்காணிப்பு என்று இருந்தது நீங்கள் மட்டும்தான். ஒரு இரவு 2 மணிக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கால் பெல் அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறது என்று பாருங்கள். ஆய்வு நடந்து வரைவு அறிக்கை வந்தால் தகவல் பிழைகளைச் சுட்டிக்காட்ட 10 வேலை நாள் தருவார்கள், அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

கேள்வி: கார்டிஃபுக்கு மாறுகிறேன். அங்கேயும் இதே முறைதானா?
– ஒரு வாசகி

பதில்: இல்லை. வேல்ஸில் கண்காணிப்பது கேர் இன்ஸ்பெக்டரேட் வேல்ஸ், பதவியின் பெயர் ரெஸ்பான்சிபிள் இன்டிவிஜுவல். சமூகப் பராமரிப்புக்கான 2016ஆம் ஆண்டு வேல்ஸ் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 2018 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளன, அவை எனக்கு இங்கிலாந்து விதிகளைவிடப் பிடிக்கும். அவர் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேவை நடக்கும் இடத்துக்கு நேரில் போக வேண்டும், அங்கே இருப்பவர்களையும் ஊழியர்களையும் சந்தித்துப் பேச வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரத்தை மதிப்பிட வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று இங்கிலாந்தின் 6ஆவது விதியில் ஒரு வரிகூட இல்லை. ஹாரோ சகோதரி தன் மைத்துனரிடம் எழுதி வாங்க வேண்டும் என்று நான் சொன்னதை வேல்ஸில் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேரராகவே போவதானால் சோஷியல் கேர் வேல்ஸில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், போனதும் முதலில் அதைப் பாருங்கள்.